திருப்புளிக்கு முனையே முதல்

சோழவந்தான் பக்கத்து வீடுகளில் மின்விசிறி ரெகுலேட்டர் கழன்றாலும், தையல் மிஷினின் ஊசித்தகடு ஆடினாலும், தென்னந்தோப்பு மோட்டாரின் ஸ்டார்டர் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தாலும் முதலில் கைக்கு வருவது டெஸ்டர்தான். கரண்ட் வருகிறதா என்று பார்க்க வாங்கிய கருவி வீட்டின் ஒரே திருப்புளியாகவும் ஆகிவிடுகிறது. இது மதுரை வட்டாரத்துப் பழக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான். இதனால் கெடுவது டெஸ்டர் மட்டும் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. கெடுவது திருகாணியின் தலை. தலை வழுக்கிய திருகாணியைக் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. அது பிடித்திருக்கும் பொருள் நல்ல நிலையில் இருந்தாலும் அதைத் திறந்து பழுதுபார்க்கும் வழி அடைபட்டுவிடும். நல்ல திருப்புளி எது என்று கேட்டால் விலையைச் சொல்வார்கள், தண்டின் நீளத்தைச் சொல்வார்கள், தண்டில் பொறித்த எஃகின் பெயரைச் சொல்வார்கள். முனை திருகாணியின் பள்ளத்தில் எவ்வளவு பொருந்தி உட்காருகிறது என்பதே முதல் கேள்வி என்பது என் வாதம். எஃகு அதற்கு அடுத்தது. கைப்பிடி அதற்கும் அடுத்தது.

திருப்புளி என்ற சொல்லில் ஓர் உளி இருக்கிறது. திருப்பும் உளி. பெயர் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மலிவான தட்டைத் திருப்புளிகளின் குறையும் அதே உளியில்தான் இருக்கிறது. உளியின் முகங்கள் சரிந்து வந்து கூர்மையில் முடியும். மரத்தைப் பிளக்க அந்தச் சரிவு வேண்டும். அதே சரிவு திருகாணியின் பள்ளத்துக்குள் இறங்கினால், நாம் திருப்பக் கொடுக்கும் விசையில் ஒரு பகுதி முனையை மேல்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. எவ்வளவு சரிவு வரை தாங்கும் என்பதை உராய்வு முடிவு செய்யும். உலர்ந்த எஃகின் மேல் எஃகு உரசும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.15 முதல் 0.2 வரை. அதாவது முகத்தின் சரிவு 8 அல்லது 10 டிகிரிக்குள் இருந்தால் முனை தானாக மேலேறாது. எண்ணெய் பட்டால் குணகம் 0.1க்கு இறங்கி, தாங்கும் சரிவு 6 டிகிரிக்கும் கீழே போய்விடும். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் வழுக்கும் அதே திருப்புளி சுவிட்ச் போர்டில் வழுக்காமல் இருப்பதன் காரணம் இதுதான். முனையையும் பள்ளத்தையும் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லும் பழைய மெக்கானிக்குகளின் பேச்சில் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. நல்ல தட்டைத் திருப்புளியின் நுனியில், பள்ளத்துக்குள் இறங்கும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்காவது, இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். கடையில் வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலே இது கண்ணுக்குத் தெரியும்.

சரிவை விட்டால் அடுத்து வருவது கனம். நாம் பொதுவாக முனையின் அகலத்தைப் பார்க்கிறோம், கனத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் தட்டை முனை தாங்கக்கூடிய முறுக்கு விசை அதன் அகலத்தோடு நேராகக் கூடுகிறது, கனத்தோடு இருபடியாகக் கூடுகிறது. கனம் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்காகும். டெஸ்டரின் முனை சுமார் 3 மி.மீ. அகலமும் அரை மி.மீ. கனமும் இருக்கும். தர அளவுகளில் ஒன்றான 5.5 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம் கொண்ட திருப்புளியை அதனோடு ஒப்பிட்டால், ஒரே எஃகாக இருந்தாலும் இரண்டாவதின் முனை ஏழு மடங்குக்கும் அதிகமான முறுக்கைத் தாங்கும். கனத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 4 மி.மீ. இயந்திரத் திருகாணியின் பள்ளம் 1.2 மி.மீ. அகலம் கொண்டது. அதில் அரை மி.மீ. முனையை இறக்கித் திருப்பினால் முனை பள்ளத்துக்குள்ளேயே சாய்ந்து திரும்பி, எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டும் முட்டிக்கொள்ளும். முழு முகமும் தாங்க வேண்டிய விசை அந்த இரண்டு மூலைகளில் குவிகிறது. அங்கேதான் பித்தளைத் திருகாணியின் விளிம்பு பிசிறாகச் சுருண்டு எழும்புகிறது. அந்தப் பிசிறைக் கண்டால் திருகாணி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது திருகாணியின் குற்றமே இல்லை.

தட்டை முனையில் தவறு கண்ணுக்குத் தெரியும். நான்கு இறக்கை முனையில் அது மறைந்துகொள்கிறது, நம் பேச்சுவழக்கும் அதற்குத் துணை நிற்கிறது. கடையில் ‘ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்’ என்று ஒரே பெயரில் கேட்கிறோம். அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வடிவங்கள் இருக்கின்றன. முதலாவது பிலிப்ஸ். அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரிடமிருந்து உரிமை பெற்று மேம்படுத்தி, 1936இல் காப்புரிமை பெற்றது இது. அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி தயாரிக்க, ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் ஆலையில் பயன்படுத்தியது. முனையை வைத்தவுடன் அதுவே நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் தொடர் உற்பத்தி ஆலைகளுக்கு அதில் பிடித்துப்போன குணம். ஆனால் அதன் இறக்கைகளின் பக்கங்கள் சரிவானவை. திருப்பும் விசை கூடக்கூட முனை மேலேறப் பார்க்கும். திருகாணி அளவுக்கு மேல் இறுகாமலிருக்க வேண்டுமென்றே பிலிப்ஸ் அப்படி வடிவமைத்தார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அவருடைய தொடக்கக் காப்புரிமைகள் பேசுவது நடுவில் பொருந்துவதையும் உறுதியாகப் பிடிப்பதையும் பற்றித்தான். இரண்டாவது போசிடிரைவ், 1960களில் வந்தது. நான்கு இறக்கைகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். இறக்கைகளின் பக்கங்கள் இணையானவை, அதனால் மேலேறும் தொல்லை மிகக் குறைவு. இன்றைய வீடுகளின் எம்.சி.பி. முனையங்களில் இந்த வடிவத்தோடு தட்டைப் பள்ளமும் சேர்ந்த தலைகள் நிறைய வருகின்றன. அதில் பிலிப்ஸ் முனையை வைத்தால் முனை ஆடும், ஆடியபடியே இறக்கைகளைத் தின்னும்.

மூன்றாவது நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டில் 100 சிசி மோட்டார் சைக்கிள்கள் இந்தியச் சாலைகளில் இறங்கின. ஹீரோவும் ஹோண்டாவும் கைகோத்தன. யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமம் சுசுகியோடு சேர்ந்து ஓசூரில் வண்டி செய்தது. அந்த வடிவமைப்புகளோடு ஜப்பானியத் தரத்தில் அமைந்த நான்கு இறக்கைத் திருகாணியும் வந்தது. தலையில் ஒரு சிறு புள்ளிக் குறி இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானியத் தரம். பார்வைக்குப் பிலிப்ஸ்தான், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழு ஆழமும் இறங்காது. கார்புரேட்டர் மூடியின் திருகாணிகள் ஊருக்கு ஊர் தலை தேய்ந்து கிடப்பதற்கு இது பெரிய காரணம். ஜப்பானியத் தர முனை பிலிப்ஸ் திருகாணியிலும் ஓரளவு நன்றாகவே உட்காரும். ஆகவே இருசக்கர வண்டி வேலை உள்ள பட்டறைக்கு அந்த முனையில் ஒன்று வாங்கி வைப்பது வீண்செலவு அல்ல.

பொருத்தம் என்பது தொழிற்சாலைக்காரர்களின் கவலை, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சோழவந்தானின் நிலத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். வைகையின் வடகரையில், முல்லைப் பெரியாற்று நீரும் கலந்து பாயும் வயல்களும் தோப்புகளும் நிறைந்த ஊர் இது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை அகத்தி மரங்களில் கொடியேறி, ஈரமும் நிழலும் விலகாத கொடிக்கால்களில் வளர்கிறது. வெற்றிலைக்கு அந்த ஈரம் உயிர், இரும்புக்கு அதுவே எமன். மோட்டார் கொட்டகையின் ஸ்டார்டர் பெட்டியில் இருக்கும் திருகாணிகள் மதுரை நகரத்து மாடி வீட்டில் இருப்பவற்றைவிட வேகமாகத் துருவேறும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கும். மறைகளுக்கு இடையில் அது பெருகி நெருக்குவதால், இறுக்கும்போது கொடுத்ததைவிடப் பலமான முறுக்கைக் கழற்றும்போது கொடுக்க வேண்டியிருக்கிறது. அதாவது முனைக்கு மிகக் கடுமையான சோதனை வருவது கழற்றும் முதல் கால் திருப்பில்தான். பொருந்தாத முனை அங்கே தோற்கும். மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருப்பது நல்ல உத்திதான், நுண்ணிய இடைவெளிகளில் அது தானாகவே ஊர்ந்து இறங்கும். ஆனால் திருப்புவதற்கு முன் பள்ளத்தில் தேங்கியதைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மறைக்கு உதவிய எண்ணெயே முனையை வழுக்கிவிடும்.

கழற்றுவதைவிட ஆபத்தானது அரைகுறையாக இறுக்குவது. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 7 ஆம்பியர் போகும். முனையத் திருகாணி சரியாக இறுகாமல் அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானால், 7ஐ 7ஆல் பெருக்கி அரையாலும் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 25 வாட் வெப்பம். கடைகளில் கிடைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறனும் 25 வாட்தான். தோப்பில் ஆளில்லாத நேரத்தில், மூடிய பெட்டிக்குள், மணிக்கணக்கில் ஒரு சால்டரிங் அயர்ன் எரிவதற்குச் சமம் இது. சூடானால் கம்பி விரிந்து சுருங்கும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். தலை வழுக்குகிறதே, இருக்கட்டும் என்று விட்ட திருகாணி கடைசியில் கருகிய முனையமாக வெளியே வருகிறது. மோட்டார் எரிந்தால் மின்னழுத்தத்தைக் குறை சொல்கிறோம். பல வேளைகளில் அது நியாயமும்கூட. ஆனால் முனையத்தின் பிடியைப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்லக்கூடாது.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. ஒரே ஒரு தேய்ந்த திருப்புளியை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் தொழில் செய்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை நடக்கவில்லையா என்பது. நடக்கிறது, உண்மை. எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முனை மேலேறத் தள்ளும் விசையை அவர்கள் உள்ளங்கையின் அழுத்தத்தால் அடக்குகிறார்கள். தண்டைத் திருகாணிக்கு நேர்கோட்டில் பிடிக்கும் பழக்கமும், வழுக்கப் போவதைக் கை உணர்ந்து நொடியில் நிறுத்தும் தேர்ச்சியும் அவர்களிடம் இருக்கின்றன. முனையின் குறையை உடலால் ஈடுகட்டுகிறார்கள். அந்தத் தேர்ச்சி இல்லாத வீட்டுக்காரருக்கு அதே கருவி அதே பலனைத் தராது. தேர்ந்த கைக்கு எந்தக் கருவியும் போதும் என்ற பேச்சின் மறுபக்கம், தேறாத கைக்கு நல்ல கருவி கட்டாயம் என்பதுதான். தேர்ந்த கைக்கும்கூட மாலையில் தோள் வலி மிச்சமாகிறது. அந்த வலியைக் குறைக்கும் பொருத்தமான முனையை அவருக்கு வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இனி எஃகு. மதுரைக்குத் தென்கிழக்கே, அதே வைகைப் படுகையில் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பட்டறைகளுக்குத் தெரிந்த ஒன்றுதான் திருப்புளிக்கும் அடிப்படை. பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் எஃகு கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் குணமும் வந்துவிடும். மறுபடி மிதமாகச் சூடேற்றி அந்த நொறுங்கும் குணத்தைத் தணிக்க வேண்டும். கடினம் குறைந்தால் திருப்புளியின் முனை முறுக்கிக்கொண்டு மழுங்கும், அளவுக்கு மிஞ்சினால் தெறித்து உடையும். நல்ல முனைகளின் கடினம் ராக்வெல் சி அளவில் 55 முதல் 60ஐ ஒட்டி இருக்கும். குரோம் வனேடியம் எஃகில் குரோமியம் கடினம் உள்வரை இறங்க உதவுகிறது, வனேடியம் உலோகத்தின் மணிகளைப் பெருக்கவிடாமல் நுண்மையாக வைக்கிறது. எஸ் 2 என்ற வகையில் சிலிக்கானும் மாலிப்டினமும் சேர்வதால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு கூடுகிறது. ஆனால் தண்டில் பொறித்திருக்கும் எழுத்து எஃகை உருவாக்குவதில்லை. சரியாகக் காய்ச்சித் தணிக்காத குரோம் வனேடியத்தைவிட, சரியாகத் தணித்த சாதாரண கரிம எஃகு நன்றாக உழைக்கும். அதனால் பெயரைவிட முனையின் வேலைப்பாட்டை நம்புங்கள். முலாம் தடவாத, கறுத்த அல்லது சாம்பல் நிற நுனி, கூர்மை குன்றாத விளிம்புகள், நான்கு இறக்கைகளும் ஒரே அளவில் இருப்பது ஆகியவை நல்ல அடையாளங்கள். பளபளக்கும் குரோம் முலாம் நுனிவரை பூசியிருந்தால் அது விளிம்பை மழுக்கும், நாளடைவில் உரியவும் செய்யும். வாங்கி வந்த பின் சிறு அரத்தால் நுனியின் ஓரத்தை லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த எஃகு மிருதுவானது, அதே வகையில் இன்னொன்று வாங்க வேண்டாம்.

நீளமான திருப்புளிக்குப் பலம் அதிகம் என்ற நம்பிக்கை ஸ்பானரிலிருந்து வந்தது. ஸ்பானரில் கைப்பிடியின் நீளம் நெம்புகோலின் கை. திருப்புளியில் நெம்புகோலின் கை கைப்பிடியின் பருமன்தான், தண்டின் நீளம் அந்தக் கணக்கிலேயே வராது. 3 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டுமென்றால், 30 மி.மீ. பருமனுள்ள கைப்பிடியில் இருபுறமும் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசையால் திருப்ப வேண்டும். 20 மி.மீ. பிடியில் அது 15 கிலோவாகிறது. நீளமான திருப்புளி எளிதாகத் திருப்புவதாகத் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள். அதற்குப் பொதுவாகப் பருத்த பிடி போட்டிருப்பார்கள். கை சற்றுப் பக்கவாட்டில் விலகினாலும் நீண்ட தண்டில் சாய்வு குறைவாகவே வரும், முனை நேராக நிற்கும். இரண்டாவது காரணம் உண்மையான நன்மை, ஆனால் அதுவும் பொருத்தத்தின் நன்மைதான். கைப்பிடிப் பொருளையும் நம் வெயிலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் தெரியும் பழைய வகைப் பிடிகள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. எண்ணெய்க்கும் அடிக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் வெப்பமும் ஈரமும் நிறைந்த மூடிய பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து புளித்த வாடை வீசும். அதற்குக் காரணம் வெளியேறும் அசிட்டிக் அமிலம், வினிகரில் இருக்கும் அதே அமிலம். அது பக்கத்தில் கிடக்கும் கருவிகளையும் துருவேற்றும். பெட்டியைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டால் தணியும்.

பேட்டரி டிரைவர் வந்துவிட்டதே, கைத் திருப்புளியைப் பற்றி எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்பது இன்னொரு மறுப்பு. இயந்திரத்தில் மாட்டுவதும் முனைதான். பொருந்தாத முனையைக் கை வைத்துத் திருப்பினால் இரண்டு முறை வழுக்கியதும் நிறுத்திவிடுவோம். இயந்திரமோ ஒரு நொடிக்குள் தலையைக் குழியாகக் குடைந்துவிடும். ஆகவே பொருத்தம் பற்றிய வாதம் அங்கே இன்னும் வலுக்கிறது. ஆனால் இந்த மறுப்பில் ஏற்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. ஒரு நல்ல கைப்பிடியும், 6.35 மி.மீ. அறுகோண அடி கொண்ட மாற்று முனைகளும் இருந்தால் பல தனித் திருப்புளிகளின் வேலையை அவை செய்யும். முனை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஐம்பது முனைகள் அடுக்கிய மலிவுப் பெட்டியைவிட நல்ல ஆறு முனைகள் மேல். குறை என்னவென்றால் முனையைப் பிடிக்கும் பகுதி பருத்திருப்பதால் ஆழமான குழிக்குள் நுழையாது. மின்வேலைக்கும் அது ஆகாது.

வாங்குவதென்றால் ஒரு வீட்டுக்கு நான்கு போதும் என்பது என் கணிப்பு. 3.5 மி.மீ. தட்டை ஒன்று, 5.5 மி.மீ. தட்டை ஒன்று, நான்கு இறக்கையில் 1ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும். சுமார் 3.5 முதல் 5 மி.மீ. வரையிலான திருகாணிகளுக்கு 2ஆம் எண் சரியாக இருக்கும், அதற்குச் சிறியவற்றுக்கு 1ஆம் எண். நாசிக்கிலிருந்து தபாரியாவும் ஜலந்தர் பக்கத்துப் பட்டறைகளும் அனுப்பும் கருவிகள் சிற்றூர் ஹார்டுவேர் கடை வரை வந்துவிடுகின்றன. நான்குக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய். எம்.சி.பி. வேலை செய்பவர் போசிடிரைவ் 2ஆம் எண்ணைச் சேர்த்துக்கொள்ளட்டும், மின்சாரத்தில் கை வைப்பவர் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் உள்ள காப்பிட்ட திருப்புளியை வாங்கட்டும். ஐ.இ.சி. 60900 என்ற அந்தத் தரத்தின்படி ஒவ்வொரு கருவியும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படுகிறது. தண்டில் வெறும் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பது அதற்கு ஈடாகாது. டெஸ்டரை டெஸ்டராக மட்டும் வைத்திருங்கள். இந்தியத் தரக்குறிப்புகளிலேயே திருப்புளிக்கு ஐ.எஸ். 844, டெஸ்டருக்கு ஐ.எஸ். 5579 என்று தனித்தனி எண்கள். டெஸ்டரின் பிடிக்குள் நியான் விளக்கோடு ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் தடை ஒன்று இருக்கிறது. 230 வோல்ட்டைத் தொட்டாலும் நம் உடல் வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே போகவிடுவது அந்தத் தடைதான். அதை முறுக்கியும் தட்டியும் வேலை வாங்கினால் பிடியில் கீறல் விழும், கீறலுக்குள் ஈரம் இறங்கும், அந்த ஈரம் தடையைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்துக்கு வேறு வழி காட்டும். உயிரைக் காக்க வாங்கிய கருவி அது.

தட்டை முனை தேய்ந்தால் மீட்கலாம். சாணையில் பிடிக்கும்போது முகங்கள் இரண்டும் இணையாக வரும்படி பிடித்து, நுனியைச் சதுரமாக வெட்டி, இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனைக்க வேண்டும். நுனியில் வைக்கோல் நிறம் தோன்றினால் வெப்பம் 220 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, அங்கேயே நிறுத்த வேண்டும். நீலம் பூத்துவிட்டால் 300 டிகிரியை எட்டி எஃகின் கடினம் இறங்கிவிட்டது, நீலம் பூத்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் பயன்படும். நான்கு இறக்கை முனைக்கு இந்த மருத்துவம் இல்லை. அதன் இறக்கைகளின் விளிம்பு வட்டமாகத் தேய்ந்துவிட்டால், அன்றே அதைக் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெயின்ட் டப்பா மூடி திறக்கும் வேலைக்கு அனுப்பிவிடலாம்.